வீட்டு பிரிண்டரில் போட்டோ: முதலில் மாற்ற வேண்டியது பேப்பர் டைப்

அப்பாவின் முதல் வருடத் திதிக்கு இரண்டு நாள்தான் இருந்தது. அவர் முகம் தெளிவாக இருக்கும் படம் ஒன்றே ஒன்று, 1987-ல் ஸ்டூடியோவில் எடுத்தது. அதை ஏ4 அளவில் பிரிண்ட் எடுத்து, ஃப்ரேம் போட்டு ஹாலில் மாட்ட வேண்டும் என்று அம்மாவுக்கு ஆசை. புதிதாக வாங்கிய பளபளப்பான போட்டோ பேப்பர், மை நிரம்பிய டேங்க், நல்ல ஸ்கேன் எல்லாம் கையில் இருந்தன. வெளியே வந்த தாளில் அப்பாவின் தலைமுடி கரி பூசியதுபோல இருந்தது. விரல் வைத்த இடத்தில் கறுப்பு ஒட்டிக்கொண்டு வந்தது. “என்னப்பா, முகமெல்லாம் இப்படிக் கருத்துக் கிடக்கு?” என்றார் அம்மா.

ஐந்து தாள் போன பிறகுதான் காரணம் பிடிபட்டது. அதே இடத்தில் வேறு யாரும் நிற்கக் கூடாது என்பதற்காக இதை எழுதுகிறேன்.

பிரிண்டரை கம்ப்யூட்டரில் இணைத்து, சாதாரணமாக ஒரு பக்கம் பிரிண்ட் எடுக்க உங்களுக்குத் தெரியும் என்று எடுத்துக்கொள்கிறேன். சொல்வதெல்லாம் மையைத் தெளித்து அச்சிடும் இங்க்ஜெட், இங்க்டேங்க் பிரிண்டர்களுக்கு. இங்க்ஜெட் போட்டோ பேப்பரை லேசர் பிரிண்டரில் வைத்துவிடாதீர்கள். உள்ளே இருக்கும் சூட்டில் மேற்பூச்சு இளகி உருளையில் ஒட்டிக்கொள்ளும்.

1. படத்தில் பிக்சல் போதுமா?

கணக்கு சுலபம். போட்டோவுக்கு அங்குலத்துக்கு 300 பிக்சல் (படத்தின் நிறப்புள்ளி) இருந்தால் நல்லது, எனவே அச்சிடும் அளவை அங்குலத்தில் எடுத்து 300-ஆல் பெருக்குங்கள். 4×6 அங்குலத்துக்கு 1200×1800 பிக்சல். ஏ4-க்கு 2480×3508. சுவரில் மாட்டித் தள்ளி நின்று பார்க்கும் படத்துக்கு அங்குலத்துக்கு 200 இருந்தாலே நன்றாக இருக்கும். அப்பாவின் படம் 3.5×5 அங்குலம். 600 டிபிஐ-யில் (அங்குலத்துக்கு 600 புள்ளி) ஸ்கேன் செய்ததில் 2100×3000 பிக்சல் கிடைத்தது. ஏ4-ல் அது அங்குலத்துக்கு 250-க்குச் சற்று மேலே வருகிறது. தாராளம்.

உறவினர்களிடம் பழைய படம் கேட்கும்போது வாட்ஸ்அப்பில் டாக்குமென்ட்டாக அனுப்பச் சொல்லுங்கள். போட்டோவாக அனுப்பினால் அது படத்தைச் சுருக்கிவிடும். அப்படி என்னிடம் வந்த ஒரு படம் 1600×1200 பிக்சல்தான் இருந்தது. 4×6-க்கு அது போதும், ஏ4-க்குப் போதாது. படத்தைத் திருத்தும் மென்பொருளில் டிபிஐ 72 என்று இருப்பதை 300 என்று மாற்றி எழுதுவதால் மட்டும் ஒரு பிக்சல்கூட அதிகமாகாது என்பதையும் நினைவில் வைத்துக்கொள்ளுங்கள்.

2. வெட்டுவதை நீங்களே வெட்டுங்கள்

போன் கேமரா படம் பெரும்பாலும் 4:3 விகிதம். 4×6 பேப்பர் 3:2. இரண்டும் பொருந்தாது, எங்காவது வெட்டித்தான் ஆக வேண்டும். குறுகிய பக்கத்தில் ஒன்பதில் ஒரு பங்கு போகும். குடும்பப் படத்தில் அந்த ஒரு பங்கில்தான் பின்வரிசையில் நிற்கும் சித்தப்பாவின் நெற்றி இருக்கும்.

விண்டோஸில் படத்தின் மேல் ரைட் கிளிக் செய்து பிரிண்ட் கொடுத்தால் வரும் பழைய பெட்டியில், கீழே ‘ஃபிட் பிக்சர் டு ஃப்ரேம்’ என்று ஒரு டிக் முன்கூட்டியே போட்டிருக்கும். உங்களைக் கேட்காமல் ஓரத்தை வெட்டுவது அந்த டிக்தான். எடுத்துவிட்டால் வெட்டாது, பதிலுக்கு இரண்டு பக்கமும் வெள்ளை விளிம்பு வரும்.

நான் இர்ஃபான்வியூ என்ற படம் பார்க்கும் மென்பொருளைப் பயன்படுத்துகிறேன். வீட்டு உபயோகத்துக்கு இலவசம், பழைய கம்ப்யூட்டரிலும் சட்டென்று திறக்கும், எந்த விகிதத்தில் வெட்ட வேண்டுமோ அதைக் கேட்டு வாங்கிக்கொள்ளும். கிம்ப் என்ற படம் திருத்தும் மென்பொருள் இன்னும் வலுவானதுதான். ஆனால் வெட்டிப் பிரிண்ட் எடுப்பதற்கு மட்டும் புதியவர்கள் அதைத் திறக்கத் தேவையில்லை. வேர்டில் படத்தை ஒட்டிப் பிரிண்ட் எடுக்கும் பழக்கம் இருந்தால் விட்டுவிடுங்கள். வேர்டு சேமிக்கும்போதே படத்தின் தரத்தைக் குறைத்துவிட வாய்ப்பு உண்டு.

3. பேப்பர் டைப்: இங்கேதான் நான் மாட்டிக்கொண்டேன்

பிரிண்டருக்குக் கண் கிடையாது. உள்ளே இருப்பது ஜெராக்ஸ் பேப்பரா, 230 ஜிஎஸ்எம் (சதுர மீட்டருக்கு 230 கிராம்) எடையுள்ள போட்டோ பேப்பரா என்பது சாதாரண வீட்டு பிரிண்டருக்குத் தெரியாது. நீங்கள் சொன்னதை அப்படியே நம்பும். எவ்வளவு மை விட வேண்டும், எந்த நிறத்தை எந்தக் கலவையில் விட வேண்டும், எவ்வளவு மெதுவாக நகர வேண்டும் என்பதையெல்லாம் பேப்பர் டைப் என்ற ஒரு கட்டத்தை வைத்தே முடிவு செய்கிறது. சில பிரிண்டர்களில் இதற்கு மீடியா டைப் என்று பெயர்.

இன்னொரு விஷயமும் இதில் அடங்கியிருக்கிறது. பல இங்க்டேங்க் பிரிண்டர்களில் கறுப்பு மட்டும் பிக்மென்ட் மை (நுண்துகள் கலந்தது), மற்ற மூன்று நிறமும் டை மை (கரைந்த சாயம்). பிக்மென்ட் கறுப்பு எழுத்துக்காகச் செய்தது. சாதாரணத் தாளில் பிடித்து நிற்கும். பளபளப்பான போட்டோ பேப்பரின் பூச்சுக்குள் அது இறங்காது, மேலேயே தங்கிவிடும். பேப்பர் டைப்பில் க்ளாஸி (பளபளப்பு) என்று தேர்ந்தெடுத்தால் இப்படிப்பட்ட பிரிண்டர் அந்தக் கறுப்பை ஒதுக்கிவிட்டு, மூன்று நிறங்களைக் கலந்தே கறுப்பை உண்டாக்கும். பிளைன் பேப்பர் என்று விட்டுவிட்டால் பிக்மென்ட் கறுப்பையே கொட்டும்.

உங்கள் பிரிண்ட்டில் இது நடந்திருக்கிறதா என்று பார்க்க ஒரு வழி உண்டு. தாளை டியூப்லைட்டுக்குக் கீழே சாய்த்துப் பிடியுங்கள். சட்டை, முகம், பின்னணித் திரை எல்லாம் பளபளக்கும்போது தலைமுடியும் புருவமும் மட்டும் சாணித்தாள்போல மங்கிக் கிடந்தால், பிரிண்டர் அதைச் சாதாரணத் தாள் என்று நினைத்துக்கொண்டிருக்கிறது. எனக்கு இது தெரிய ஐந்து தாள் ஆயிற்று. அதற்குள் பேப்பரைச் சந்தேகப்பட்டேன், மையைச் சந்தேகப்பட்டேன், மை தெளிக்கும் ஹெட்டைச் சுத்தம் செய்யும் ஹெட் க்ளீனிங்கை மூன்று முறை ஓட்டி மையை வீணடித்தேன். க்ளீனிங் கொடுப்பதற்கு முன்னால் ஹெட்டின் துளைகள் அடைத்திருக்கின்றனவா என்று கோடுகள் போட்டுக் காட்டும் நாசில் செக் ஒன்று எடுத்துப் பாருங்கள். கோடுகள் விடுபடாமல் வந்தால் ஹெட்டில் பிரச்சினை இல்லை.

நான் பேப்பர் டைப்பை மாற்றாமல் இல்லை. விண்டோஸ் செட்டிங்ஸில் பிரிண்டர்ஸ் அண்ட் ஸ்கேனர்ஸ் போய், பிரிண்டிங் ப்ரிஃபரன்ஸஸில் க்ளாஸி என்று மாற்றித்தான் வைத்திருந்தேன். ஆனால் படத்தைத் திறந்து வைத்திருந்த மென்பொருள் அதற்கு முன்பே ஓடிக்கொண்டிருந்தது. திறந்தபோது இருந்த பழைய செட்டிங்கையே அது பிடித்து வைத்திருந்தது. நான் வெளியே மாற்றியது அதன் காதில் விழவே இல்லை.

அதனால் வரிசை இப்படி இருக்கட்டும். படத்தைத் திறந்து கன்ட்ரோல்-பி அழுத்துங்கள். அந்தப் பெட்டியிலேயே இருக்கும் ப்ராபர்ட்டீஸ் அல்லது ப்ரிஃபரன்ஸஸ் பட்டனை அழுத்துங்கள். இர்ஃபான்வியூவில் அதற்கு பிரிண்டர் செட்டப் என்று பெயர். பேப்பர் டைப், பேப்பர் அளவு, தரம் மூன்றையும் அங்கே உங்கள் கண்ணால் பார்த்த பிறகே பிரிண்ட் கொடுங்கள். ஒவ்வொரு முறையும் பாருங்கள்.

பட்டியலில் பிரிண்டர் கம்பெனியின் சொந்தப் பேப்பர் பெயர்களாகத்தான் இருக்கும். கடையில் வாங்கிய வேறு கம்பெனிப் பேப்பராக இருந்தால், பளபளப்பானதற்கு பெயரில் க்ளாஸி என்று வருவதையும், மங்கலானதற்கு மேட் என்று வருவதையும் போடுங்கள். க்ளாஸியிலேயே இரண்டு மூன்று இருந்தால் ஒவ்வொன்றிலும் ஒரு சின்னப் பிரிண்ட் எடுத்து, மை தேங்காமல் வருவதை வைத்துக்கொள்ளுங்கள். நல்லது கிடைத்ததும் டிரைவரில் (பிரிண்டரை இயக்கும் மென்பொருள்) அதை ஒரு பெயர் கொடுத்துச் சேமித்துவிடுங்கள். நான் ‘போட்டோ ஏ4’, ‘போட்டோ 4×6’ என்று இரண்டு வைத்திருக்கிறேன்.

பேப்பரை வைக்கும் பக்கத்தையும் கவனியுங்கள். பின்னால் நிமிர்த்தி வைக்கும் ட்ரே என்றால் பளபளப்பு உங்களைப் பார்க்க வேண்டும். முன்னால் தள்ளும் கேசட் என்றால் பெரும்பாலும் பளபளப்பு கீழே. மேட் பேப்பரில் பக்கம் தெரியாவிட்டால், லேசாக ஈரம் பட்ட விரலால் ஒரு மூலையைத் தொடுங்கள். ஒட்டுகிற பக்கம்தான் பூச்சு இருக்கும் பக்கம்.

4. தரமும் விளிம்பும்

தரம் ஹை. போட்டோவுக்கு டிராஃப்ட் (மை மிச்சம் பிடிக்கும் குறைந்த தரம்) கூடவே கூடாது. அதற்கு மேலே இன்னொரு படி இருந்தால், மை அதிகம் போகும், நேரம் ஆகும், கண்ணுக்கு வித்தியாசம் தெரிவது கடினம். நான் ஹையோடு நிறுத்திவிடுகிறேன்.

பார்டர்லெஸ் (விளிம்பு விடாமல் அச்சிடுவது) போட்டால் பிரிண்டர் படத்தைச் சற்றுப் பெரிதாக்கி, தாளுக்கு வெளியே வழியும்படி அச்சிடும். ஓரத்தில் கொஞ்சம் போகும் என்று முன்பே தெரிந்து வெட்டுங்கள். எவ்வளவு பெரிதாக்குவது என்று கேட்கும் எக்ஸ்பேன்ஷன் அல்லது எக்ஸ்டென்ஷன் இருந்தால் குறைந்தபட்சத்தில் வையுங்கள். ஃப்ரேம் போடப் போகிற படத்துக்கு விளிம்பு விடுவதே நல்லது. ஃப்ரேமின் உதடு எப்படியும் ஓரத்தை மூடிவிடும்.

5. நிறத்தை ஒரே இடத்தில் முடிவு செய்யுங்கள்

மென்பொருளும் நிறத்தைச் சரிசெய்து, டிரைவரும் சரிசெய்தால் முகம் சிவந்தோ பச்சை பாய்ந்தோ வரும். புதியவர்கள் படத்தை எஸ்ஆர்ஜிபி என்ற பொதுவான நிற முறையில் சேமித்து, நிறப் பொறுப்பைப் பிரிண்டர் டிரைவரிடம் விட்டுவிடுவது நல்லது. டிரைவரில் போட்டோ என்ஹான்ஸ் மாதிரி தானாகத் திருத்தும் வசதி இருந்தால் பழைய படங்களுக்கு அதை அணைத்துவிடுங்கள். அப்பா போட்டிருந்த சந்தன நிறச் சட்டையை அது வெள்ளையாக்கப் பார்த்தது.

படம் திரையில் இருந்ததைவிட இருட்டாக வருகிறது என்றால் பெரும்பாலும் திரையின் வெளிச்சம்தான் அதிகம். ஒரு வெள்ளைத் தாளைத் திரைக்குப் பக்கத்தில் பிடித்து, திரையின் வெள்ளையும் தாளின் வெள்ளையும் ஒன்றுபோலத் தெரியும்வரை வெளிச்சத்தைக் குறையுங்கள். அதற்குப் பிறகு படத்தைத் திருத்துங்கள்.

எடுத்த எடுப்பிலேயே ஏ4 தாளைப் போட வேண்டாம். படத்தில் முகம் இருக்கும் பகுதியை மட்டும் அதே அளவில் வெட்டி, அதே வகைப் பேப்பரில் 4×6 ஒன்று எடுத்துப் பாருங்கள். முகம் சரியாக வந்தால் மற்றதும் வரும்.

வந்த பிரிண்ட்டை ஒரு நாள் திறந்தபடி காய விடுங்கள். கண்ணாடிக்கும் படத்துக்கும் நடுவே, படத்தைச் சுற்றி இடைவெளி கொடுக்கும் மவுன்ட் போர்டு அட்டை வைக்கச் சொல்லுங்கள். கண்ணாடியை நேராக ஒட்டினால், ஈரம் ஏறும் காலத்தில் பளபளப்புப் பேப்பர் அதோடு பிடித்துக்கொள்ளும். சந்தனம் குங்குமம் வைக்க, துடைக்க என்று நம் வீடுகளில் அந்தக் கண்ணாடியில் அடிக்கடி ஈரத்துணி படும். டை மை வெயிலில் வெளுக்கும், ஆகவே ஜன்னலுக்கு எதிர்ச்சுவர் வேண்டாம்.

பின்சேர்க்கை: என் பிரிண்டரில் பேப்பர் டைப் என்ற கட்டமே இல்லையே என்று மூன்று பேர் கேட்டிருக்கிறார்கள். மூவருமே வைஃபையில் இணைத்தவர்கள். விண்டோஸ் தானாகவே பிரிண்டரைக் கண்டுபிடித்துச் சேர்க்கும்போது சில சமயம் தன் பொதுவான டிரைவரையே போட்டுவிடுகிறது. அதில் பேப்பர் வகைகளும் பார்டர்லெஸ்ஸும் சரியாக வராது. அந்தப் பிரிண்டரை நீக்கிவிட்டு, தயாரித்த கம்பெனியின் தளத்திலிருந்து உங்கள் மாடலுக்கான முழு டிரைவரை இறக்கி நிறுவுங்கள். இரண்டு பேருக்கு அதிலேயே சரியாகிவிட்டது.

இன்னொன்று: 4×6 தாளில் எட்டு பாஸ்போர்ட் படம் அடுக்கி எடுத்தால் 3.5×4.5 சென்டிமீட்டர் வராமல் பெரிதாக வருகிறது என்று ஒரு சகோதரி எழுதியிருந்தார். அது பார்டர்லெஸ் செய்யும் வேலை. அதை அணைத்து, ‘ஃபிட் டு பேஜ்’ எதுவும் இல்லாமல் அளவை 100 சதவீதத்தில் வைத்து எடுங்கள். வெட்டுவதற்கு முன் ஒரு படத்தை ஸ்கேலால் அளந்து பார்த்துவிடுங்கள்.