நாலரைப் பாய் அறையில் தேநீர்ச் சடங்கு: எதை எங்கே வைப்பது?

ஜப்பானியத் தேநீர்ச் சடங்கைப் பழக வருபவர்கள் முதலில் கையசைவுகளைத்தான் மனப்பாடம் செய்கிறார்கள். அதற்கு முன் பாத்திரங்களின் இடத்தைப் படியுங்கள். இடம் சரியாக இருந்தால் கை தானாகப் போகும். ஒரு சாண் விலகினாலும் எட்டி எடுக்க வேண்டிவரும், உடல் கோணும். இங்கே சொல்வது உராசென்கே மரபின் மெல்லிய தேநீருக்கான முறை, குளிர்கால அமைப்பு.

அறை

தரை முழுவதும் விரிக்கும் தத்தாமிப் பாய்கள் நாலரை, இதுதான் அடிப்படை அளவு. நடுவில் அரைப் பாய், அதைச் சுற்றி நான்கு முழுப் பாய்கள். நவம்பர் முதல் ஏப்ரல் வரை நடுப் பாயின் மூலையில் சுமார் 42 செ.மீ. சதுரக் குழியடுப்பு (ரோ) திறந்திருக்கும். மே மாதம் அதை மூடிவிட்டு, ஃபுரோ என்ற, எடுத்து வைக்கக்கூடிய அடுப்பை விருந்தினரிடமிருந்து தள்ளி வைப்பார்கள். வெக்கை அவர்கள்மேல் அடிக்கக் கூடாதல்லவா!

சுருளோவியமும் பூவும் இருக்கும் மாடம் தொகொனோமா. முதன்மை விருந்தினர் அதன் அருகே அமர்வார். பாயின் துணிக்கரையை மிதிக்காதீர்கள்.

பாத்திரங்கள்

1. தண்ணீர்ச் சாடியை (மிசுசாஷி) உங்கள் பாயில் உங்களுக்கு எதிரே தள்ளி, நடுவாக வையுங்கள். வெந்நீர் கொதிக்கும் இரும்புப் பானை (கமா) வலப்பக்கம் குழியடுப்பில் இருக்கும்.

2. சாடிக்கு முன்னால் வலப்புறம் தேயிலைத்தூள் செப்பு (நத்சுமே), இடப்புறம் கிண்ணம். கிண்ணத்துக்குள் ஈரத் துணியும் தேநீரை அடித்துக் கலக்கும் மூங்கில் துடைப்பமும் (சாசென்), விளிம்பின்மேல் மூங்கில் கரண்டியும் (சாஷாகு) இருக்க வேண்டும்.

3. கழுநீர்ப் பாத்திரம் (கென்சுயி) இடது முழங்காலுக்குப் பக்கத்தில். விருந்தினர் உங்கள் வலப்பக்கம் இருப்பதால் அழுக்குநீர் அவர்கள் கண்ணில் படாது.

நீர் மொள்ளும் அகப்பை வாங்கும்போது கவனியுங்கள்: குளிர்காலத்துக்கானதன் கிண்ணம் பெரிது, கோடைக்கானது சிறிது.

கலக்குவது

புதியவர்கள் தடுமாறுவது இங்கேதான். மாச்சாவை, அதாவது பச்சைத் தேயிலைத்தூளை, முன்பே சலித்து வையுங்கள். சலிக்காத தூள் எவ்வளவு அடித்தாலும் கட்டியாகவே நிற்கும். கிண்ணத்தில் வெந்நீர் ஊற்றி, துடைப்பத்தின் நுனிகளை நனைத்துச் சுழற்றுங்கள். காய்ந்த மூங்கில் நுனி படீரென்று முறியும், ஈரமானது வளையும். அந்த நீரைக் கொட்டிவிட்டு, கிண்ணத்தைத் துடையுங்கள்.

கரண்டியால் ஒன்றரை முதல் இரண்டு முறை, ஏறக்குறைய 2 கிராம் தூள். சுமார் 80 டிகிரி சூட்டில் 60 முதல் 70 மில்லி நீர். தளதளவெனக் கொதிக்கும் நீர் கசப்பைக் கூட்டும். இடக்கையால் கிண்ணத்தைப் பிடித்து, மணிக்கட்டை மட்டும் ஆட்டி முன்னும் பின்னும் வேகமாக அடியுங்கள். நுனியை அடியில் அழுத்தக் கூடாது. நுரை வந்ததும் மேற்பரப்பில் மெதுவாக ஓட்டினால் பெரிய குமிழ்கள் உடையும். நடுவில் ஒரு சுற்றுச் சுற்றித் துடைப்பத்தை மேலே எடுங்கள்.

முடிந்ததும் துடைப்பத்தை வெறும் நீரில் அலசுங்கள், சோப்பு வேண்டாம். ஈரத்தோடு டப்பாவில் அடைத்தால் பூஞ்சை பிடிக்கும். காற்றோட்டமான இடத்தில் முழுக்கக் காயவிடுங்கள்.