வார்சாவில் ப்ளெர்ஷின் ஓவியங்களைப் பார்ப்பது எப்படி?

போலந்தின் செவ்வியல் பாணி ஓவியரும் மேடை வடிவமைப்பாளருமான யான் போகுமில் ப்ளெர்ஷை (1732–1817) அறிய விரும்புவோர், வார்சாவின் வாஜென்கி பூங்காவில், மன்னர் ஸ்தனிஸ்வாவ் ஆகஸ்ட் போனியதோவ்ஸ்கிக்காகக் கட்டிடக் கலைஞர் தோமினிக் மெர்லினி வடிவமைத்து 1788இல் திறக்கப்பட்ட அரங்கிலிருந்து தொடங்குவது நல்லது. நாடகத்துக்கென வரையும் திரைகள் பழையதானதும் கழற்றப்பட்டுவிடும். இங்கே அவருடைய கைவண்ணம் சுவரிலேயே தங்கியிருக்கிறது.

உள்ளே நுழைந்ததும் மேடையைப் பார்க்காமல், பக்கச் சுவர்களின் மேற்பகுதியை நிமிர்ந்து பாருங்கள். மாடங்களில் அமர்ந்திருக்கும் சீமான்களும் சீமாட்டிகளும் சற்றும் அசையாதிருப்பதைக் கவனித்த பிறகே, அவர்கள் அனைவரும் ப்ளெர்ஷின் தூரிகையில் பிறந்தவர்கள் என்பது புரியும். ஓரிடத்திலேயே நிற்காமல், கூடத்தின் நடுவிலிருந்தும் சுவரோரத்திலிருந்தும் ஒரே மாடத்தைப் பார்த்து, அதன் ஆழம் எங்கே நம்பவைக்கிறது, எங்கே தட்டையாகிறது என்று ஒப்பிடுங்கள். மேடைக்கு வரைந்து பழகிய கண்ணின் கணக்கு அப்போதுதான் பிடிபடும். பளிங்காகத் தோன்றுவதும் வண்ணம் பூசிய மரமே. கூரையில் தேரேறிவரும் கிரேக்கக் கடவுள் அப்பல்லோவையும், நாடகாசிரியர்களான சோபக்ளிஸ், ஷேக்ஸ்பியர், மோலியேர், ரசீன் ஆகியோரின் உருவங்களையும் அவசரமின்றித் தேடுங்கள்.

அதன்பின் அருகிலுள்ள தீவு அரண்மனைக்குச் சென்றால், நடன மண்டபச் சுவர்களில் அவர் வரைந்த மெல்லிய கொடியலங்காரங்களைக் காணலாம்.