அமெரிக்காவில் பங்கு மோசடி வழக்கில் சிறைத் தண்டனையா? அப்பீலுக்கு முதலில் செய்ய வேண்டியவை

வீட்டில் ஒருவருக்கு அமெரிக்க ஃபெடரல் (மத்திய அரசு) கோர்ட்டில் செக்யூரிட்டீஸ் மோசடிக்காக, அதாவது பங்கு, பத்திர மோசடிக்காகச் சிறைத் தண்டனை விழுந்துவிட்டால், முதலில் காலண்டரை எடுங்கள். தீர்ப்பு கோர்ட் பதிவில் ஏறிய நாளிலிருந்து 14 நாளுக்குள் அப்பீல் நோட்டீஸ் தாக்கலாகிவிட வேண்டும். நீதிபதி தண்டனையை வாசித்த நாளிலிருந்தே எண்ணிக்கொள்வது பத்திரம். நோட்டீஸ் ஒரு பக்கம்தான்: யார், எந்தத் தீர்ப்பை எதிர்த்து, எந்தக் கோர்ட்டுக்குப் போகிறார். வாதம் எதுவும் அதில் வேண்டாம். தண்டனை பெற்றவரே தன் வக்கீலுக்கு "அப்பீல் போடுங்கள்" என்று எழுத்தில் கொடுக்கட்டும். வாய்ப்பேச்சோடு விட்டுவிட்டு, வக்கீல் போடாமல் நாள் கடந்துபோனால், கேட்டோம் என்று காட்ட ஒன்றுமே இருக்காது.

குற்றத்தை ஒப்புக்கொண்டு ஒப்பந்தத்தில் கையெழுத்துப் போட்டவர் என்றால் அந்த ஒப்பந்தத்தை இப்போதே படியுங்கள். தண்டனை இத்தனை மாதத்துக்குள் இருந்தால் அப்பீல் செய்யமாட்டேன் என்று ஒரு பத்தி அநேகமாக இருக்கும்.

சரி, எதை வைத்து வாதாடுவது? அப்பீல் என்பது மறுவிசாரணை இல்லை. வழக்கமாக மூன்று நீதிபதிகள் கீழ்க்கோர்ட் பதிவை வைத்துத்தான் பார்ப்பார்கள், புதுச் சாட்சி எடுபடாது. தண்டனையைக் குறைப்பதுதான் நோக்கம் என்றால் நான் முதலில் பார்க்கச் சொல்வது நஷ்டக் கணக்கை, ஏனென்றால் இந்த வழக்குகளில் தண்டனை அளவை மேலே ஏற்றுவது பெரும்பாலும் அந்த ஒரு தொகைதான். தண்டனைக்கு முன் நன்னடத்தை அதிகாரி கொடுத்த அறிக்கையில் நஷ்டக் கணக்குப் பத்தியைத் தேடுங்கள். 40 டாலர் பங்கு 25க்கு விழுந்தது என்று வைத்துக்கொள்வோம். அந்த 15 டாலரில் பொய் வெளியே வந்ததால் போனது எவ்வளவு, அன்று சந்தையே சரிந்ததால் போனது எவ்வளவு? இதைப் பிரிக்காமல் மொத்தத்தையும் தலையில் கட்டியிருந்தால் அதுதான் உங்கள் வாதம். உள்தகவல் வர்த்தகம் (வெளியே வராத கம்பெனி ரகசியத்தை வைத்துப் பங்கு வாங்கி விற்பது) என்றால் நஷ்டத்துக்குப் பதில் லாபத்தைக் கணக்கிடுவார்கள். ஆனால் கீழ்க்கோர்ட்டில் உங்கள் வக்கீல் இதை ஆட்சேபித்திருக்க வேண்டும். இல்லையென்றால் பளிச்சென்று தெரியும் பிழைக்கு மட்டுமே மேல்கோர்ட் கைவைக்கும்.

மோசடியால் திவாலான என்ரான் எரிசக்தி கம்பெனியின் முன்னாள் தலைவர் ஜெஃப்ரி ஸ்கில்லிங்குக்கு 2006இல் 24 ஆண்டு, 4 மாதம். 2009இல் அப்பீல் கோர்ட் குற்றத்தீர்ப்பை அப்படியே வைத்து, தண்டனைக் கணக்கில் பிழை என்று மட்டும் திருப்பி அனுப்பியது. இன்னும் பல சுற்று நடந்து 2013இல் 14 ஆண்டாகக் குறைந்தது. கொழும்பில் பிறந்த முதலீட்டு நிதி அதிபர் ராஜ் ராஜரத்தினத்துக்கு உள்தகவல் வர்த்தகத்துக்காக 2011இல் 11 ஆண்டு. போன் ஒட்டுக்கேட்டது செல்லாது என்று வாதாடினார், 2013இல் தோற்றார்.

ஜாமீனைத் தனியாகக் கேட்க வேண்டும். ஓடிவிடமாட்டார் என்பது மட்டும் போதாது, அப்பீலில் கனமான சட்டக் கேள்வி இருப்பதையும் காட்ட வேண்டும். ராஜரத்தினத்துக்கு உள்தகவல் கொடுத்ததற்காகத் தண்டனை பெற்ற ரஜத் குப்தா அப்பீல் முடியும்வரை வெளியே இருந்தார், ராஜரத்தினத்துக்கு அது கிடைக்கவில்லை.

கிரீன் கார்டிலோ விசாவிலோ இருப்பவர் என்றால் இன்னொன்று, இதைத் தயவுசெய்து விட்டுவிடாதீர்கள்: மோசடி நஷ்டம் 10,000 டாலரைத் தாண்டினால் நாடு கடத்தலுக்கு அதுவே போதும். அதனால் அப்பீல் வக்கீல் அந்தத் தொகையைப் பற்றி ஒரு வரி எழுதுவதற்கு முன்பே குடியேற்ற வக்கீலையும் அவரோடு பேச வையுங்கள்.