லார்சனின் 97 பந்துகள்: பழைய பேஸ்பால் ஆட்டத்துக்குக் கையால் ஸ்கோர் எழுதுவது எப்படி?

1950களின் பேஸ்பாலைத் தேடிப் போனால் பெரும்பாலும் கடைசி நொடிதான் கிடைக்கும். 1956 உலகத் தொடரின் ஐந்தாம் ஆட்டம் முடிந்ததும் நியூயார்க் யாங்கீஸ் கேட்சர் யோகி பெர்ரா ஓடிவந்து பிட்சர் டான் லார்சன்மேல் தாவி ஏறும் படத்தைப் பலர் பார்த்திருப்பார்கள். எதிரணியின் 27 பேரில் ஒருவரையும் பேஸில் ஏற விடாமல் லார்சன் அவுட் ஆக்கிய ஆட்டம் அது. அந்தத் தாவலின் கனம் புரிய வேண்டுமானால் அதற்கு முந்தைய 96 பந்துகளும் தெரிய வேண்டும். அதற்கு நல்ல வழி, ஒரு தாளையும் பென்சிலையும் எடுத்துக்கொண்டு முதல் பேட்டரிலிருந்து நீங்களே ஸ்கோர் எழுதுவதுதான். பழகுவதற்கு இந்த ஆட்டத்தைவிடப் பொருத்தமானது இல்லை. ஓர் அணியின் தாளில் ரன் ஓட்டமே கிடையாது, அவுட் மட்டும்தான்.

ஏ4 தாளைக் குறுக்காக வையுங்கள். இடப்பக்கம் பெயருக்கு 5 செ.மீ., இடத்தின் எண்ணுக்கு 1 செ.மீ. அடுத்து ஒன்பது இன்னிங்ஸுக்கு ஒன்பது பத்திகள், ஒவ்வொன்றும் 1.8 செ.மீ. மீதியில் 1.2 செ.மீ. அகலத்தில் நான்கு பத்திகள் கூட்டலுக்கு. வரிசை ஒன்பது, உயரம் 1.6 செ.மீ. பெயர்க் கட்டத்தை மட்டும் நடுவில் கோடிட்டு இரண்டாக்குங்கள். மாற்று ஆட்டக்காரர் வந்தால் அந்தக் கீழ்ப்பாதி தேவைப்படும். ஓர் அணிக்கு ஒரு தாள். பேனா வேண்டாம், எச்பி பென்சில் போதும். முதல் தாளில் அழிக்காமல் யாரும் எழுதியதில்லை.

ஃபீல்டர்களுக்கு நிலையான எண்கள் உண்டு. பிட்சர் 1, கேட்சர் 2, முதல் பேஸ் 3, இரண்டாம் பேஸ் 4, மூன்றாம் பேஸ் 5, ஷார்ட்ஸ்டாப் 6, இடது களம் 7, நடுக்களம் 8, வலது களம் 9. ஷார்ட்ஸ்டாப் நிற்பது இரண்டாம், மூன்றாம் பேஸ்களுக்கு நடுவில். அதனால் புதியவர்கள் அவருக்கு 5 போட்டுவிடுகிறார்கள். பேஸ் காப்பவர்களை 3, 4, 5 என்று எண்ணி முடித்த பிறகே அவருக்கு எண் வரும்.

இதைவிட மோசமான குழப்பம் சட்டை எண்ணால் வருகிறது. இந்த ஆட்டத்தில் மிக்கி மேண்டிலின் முதுகில் 7, அவர் நிற்பதோ நடுக்களம், அதாவது 8. பெர்ராவின் முதுகில் 8, அவர் கேட்சர், அதாவது 2. வலது களத்து ஹாங்க் பாயருக்கு இரண்டுமே 9. பாயரில் சரியாக வந்துவிட்டதே என்று நம்பி மேண்டில் பிடித்த கேட்சுக்கு 7 எழுதுவார்கள். கேட்ச் இடது களத்து ஈனோஸ் ஸ்லாட்டர் கணக்கில் போய்விடும். சட்டையைப் பார்க்காதீர்கள், நிற்கும் இடத்தைப் பாருங்கள்.

குறியீடுகள் கொஞ்சம்தான். மூன்று ஸ்ட்ரைக்கில் (வீசித் தவறவிட்டது, அல்லது வீசாமல் விட்ட நல்ல பந்து) பேட்டர் வெளியேறும் ஸ்ட்ரைக் அவுட்டுக்கு 'கே' என்ற ஆங்கில எழுத்து. ஹென்றி சாட்விக் 19ஆம் நூற்றாண்டில் 'ஸ்ட்ரக்' என்ற சொல்லின் கடைசி எழுத்தை எடுத்து வைத்தது இன்றுவரை நிற்கிறது. பேட்டர் மட்டையை வீசாமல் நின்று, அம்பயர் மூன்றாவது ஸ்ட்ரைக் சொன்னால் அந்த எழுத்தைக் கண்ணாடியில் தெரிவதுபோல் திருப்பி எழுதுங்கள். உயரப் பறந்த பந்தைப் பிடித்தால் 'எஃப்', தாழ்வாக நேராகச் சீறிய பந்தென்றால் 'எல்', உள்களத்தில் மேலெழும்பினால் 'பி'. பக்கத்தில் பிடித்தவரின் எண். தரைப்பந்தை எடுத்து எறிந்தால் பந்து போன வழியை அப்படியே எழுத வேண்டும். 4-3 என்றால் இரண்டாம் பேஸ்காரர் எடுத்து முதல் பேஸுக்கு எறிந்தார்.

இனி ஆட்டம். 1956 அக்டோபர் 8, யாங்கி ஸ்டேடியம். புரூக்ளின் டாட்ஜர்ஸ் பேட்டிங் வரிசை: கில்லியம், ரீஸ், ஸ்னைடர், ராபின்சன், ஹாட்ஜஸ், அமோரோஸ், ஃபூரில்லோ, காம்பனெல்லா, மேக்லி. தொலைக்காட்சி ஒளிபரப்பின் படச்சுருள் பிழைத்திருக்கிறது, ஆனால் முதல் இன்னிங்ஸ் அதில் இல்லை. அந்த மூன்று கட்டங்களையும் ரெட்ரோஷீட் தளத்தின் ஆட்டப் பதிவைப் பார்த்து நிரப்புங்கள்: கில்லியம் கே, ரீஸ் கே, ஸ்னைடர் அடித்ததை 9 பிடித்தார். லார்சன் அன்று மூன்று 'பால்' (எல்லைக்கு வெளியே வந்து பேட்டர் வீசாமல் விட்ட பந்து) வரை போனது ரீஸுக்கு மட்டுமே.

இரண்டாம் இன்னிங்ஸின் முதல் கட்டத்தில் கையை நிறுத்துங்கள். ஜாக்கி ராபின்சன் அடித்த பந்து மூன்றாம் பேஸில் ஆண்டி கேரியின் கையுறையில் பட்டுத் தெறித்து, ஷார்ட்ஸ்டாப் கில் மக்டூகல்டிடம் போனது. அவர் எடுத்து எறிந்து, ராபின்சன் மயிரிழையில் அவுட். 6-3 என்று எழுதினால் தப்பு. கேரி பந்தைத் தொட்டுத் திருப்பியதற்கும் கணக்கு உண்டு, எனவே 5-6-3. இந்த முதல் 5 விடுபட்டால், முழு ஆட்டமும் கைநழுவியிருக்கக்கூடிய ஒரு நொடி தாளிலிருந்தே மறைந்துவிடும்.

ஐந்தாம் இன்னிங்ஸும் அப்படித்தான். ஹாட்ஜஸ் இடது-நடுக்களத்தின் ஆழத்துக்கு அடித்ததை மேண்டில் நெடுந்தூரம் ஓடிப் புறங்கையால் பிடித்தார். வெறும் 'எஃப் 8' என்று எழுதினால் நின்ற இடத்திலேயே பிடித்த கேட்சுபோல் ஆகிவிடும். இப்படிப்பட்டதற்குப் பக்கத்தில் ஒரு நட்சத்திரம் இடுவது ஸ்கோர் எழுதுவோர் வழக்கம். அடுத்து வந்த அமோரோஸ் வலது மூலைக்கு அடித்த பந்து ஹோம் ரன் ஆகாமல் கோட்டுக்கு வெளியே போய் ஃபவுல் ஆனது. தாளைப் பொறுத்தவரை அது ஒரு ஸ்ட்ரைக், அவ்வளவுதான். ஓரத்தில் ஒரு வார்த்தை எழுதி வையுங்கள். பிறகு அவர் 4-3.

பந்துகளை எண்ண, கட்டத்தின் மூலையில் இரண்டு சிறு வரிகள் வையுங்கள். மேலே 'பால்', கீழே ஸ்ட்ரைக். கோடு போடாமல் வந்த வரிசை எண்ணையே எழுதுங்கள். ஒன்பதாம் இன்னிங்ஸில் இரண்டு அவுட் ஆனதும் மேக்லிக்குப் பதிலாக டேல் மிட்சல் வருகிறார். மேக்லியின் பெயருக்குக் கீழ்ப்பாதியில் மிட்சல் பெயரை எழுதி, எட்டாம் ஒன்பதாம் பத்திகளுக்கு நடுவில் தடித்த செங்குத்துக் கோடு இழுங்கள். முதல் பந்து வெளியே: மேல்வரியில் 1. அடுத்தது அம்பயர் சொன்ன ஸ்ட்ரைக்: கீழே 2. மட்டையை வீசித் தவறவிட்டார்: 3. பின்னால் ஃபவுல்: 4. ஐந்தாவதில் மட்டையை நிறுத்திக்கொண்டார், அம்பயர் பேப் பினெல்லி கையை உயர்த்தினார்: 5, நடுவில் திருப்பிய கே. 11 சீசன்களில் மொத்தம் 119 முறை மட்டுமே ஸ்ட்ரைக் அவுட் ஆன மனிதர் மிட்சல். அந்த எழுத்தைக் கொஞ்சம் பெரிதாகவே எழுதலாம்.

கூட்டிப் பாருங்கள், லார்சனுக்கு 97 வர வேண்டும். 77 வந்தால் பதறாதீர்கள். 27 பேரில் ஏழு பேர் கே, மீதி 20 பேர் பந்தை அடித்து அவுட். அடிபட்ட அந்தக் கடைசிப் பந்தைப் பலர் மூலையில் குறிக்க மறப்பதுண்டு.

மறுபக்கத் தாளில் யாங்கீஸ். இங்கே வைர வடிவம் வேண்டும்: கீழ்முனை ஹோம், வலது முனை முதல் பேஸ், மேல்முனை இரண்டாம் பேஸ், இடது முனை மூன்றாம் பேஸ். நான்காம் இன்னிங்ஸில் மேண்டிலின் ஹோம் ரன்னுக்கு நான்கு பக்கமும் வரைந்து உள்ளே கருக்குங்கள். ஆறாவதில் கேரி சிங்கிள் (அடித்து முதல் பேஸ்வரை), லார்சன் தன்னைத் தியாகம் செய்து பந்தை மெல்லத் தட்டி அவரை இரண்டாம் பேஸுக்கு நகர்த்தினார், பாயரின் சிங்கிளில் கேரி ஹோம். 2-0.

தாள் சரியா என்று பார்க்க ஒரு கணக்கு இருக்கிறது. அட்-பேட் (மற்ற மூன்றிலும் சேராத பேட்டிங் முறைகள்), வாக் (நான்கு 'பால்' வந்து முதல் பேஸுக்குப் போவது), தியாக அடி, பந்து மேலே பட்டுப் போனவை எல்லாவற்றையும் கூட்டினால், ரன், பேஸில் தங்கியவர்கள், எதிரணி எடுத்த அவுட் மூன்றின் கூட்டலுக்குச் சமமாக வர வேண்டும். யாங்கீஸுக்கு 26 அட்-பேட், 2 வாக், 1 தியாகம்: 29. மறுபக்கம் 2 ரன், தங்கியவர்கள் 3, அவுட் 24: 29. யாங்கீஸ் எட்டு இன்னிங்ஸ்தான் ஆடினார்கள், அதனால் 24. இடப்பக்கம் ஒன்று கூடினால் பெரும்பாலும் வாக் ஒன்றை அட்-பேட் கணக்கிலும் சேர்த்திருப்பீர்கள், ஒன்று குறைந்தால் தியாக அடியை விட்டிருப்பீர்கள்.

இது கைவந்த பிறகு 1951 அக்டோபர் 3, போலோ கிரவுண்ட்ஸ், ஒன்பதாம் இன்னிங்ஸின் பின்பாதி. டாட்ஜர்ஸ் 4, ஜயண்ட்ஸ் 1. டார்க் சிங்கிள், மியூல்லர் சிங்கிள், இர்வின் முதல் பேஸ்காரரிடம் கேட்ச், லாக்மன் டபுள் (இரண்டாம் பேஸ்வரை), டார்க் ஹோம். மூன்றாம் பேஸில் சறுக்கிய மியூல்லருக்குக் கணுக்கால் போயிற்று. ஹார்ட்டங் அவர் இடத்தில் ஓட வந்தார், ஆகவே மியூல்லரின் அதே கட்டத்தில் மூன்றாம் பேஸிலிருந்து ஹோம்வரை வேறு நிறத்தில் கோடு. பிட்சர் நியூகோம் போய் பிராங்கா வருகிறார், லாக்மன் கட்டத்தின் அடியில் வளைகோடு. இரண்டாம் பந்தில் பாபி தாம்சன் ஹோம் ரன், 5-4.

தோல்வி பிராங்காவின் பெயரில்தான், ஆனால் அந்த அடியில் வந்த மூன்று ரன்களையும் அவர் தலையில் கட்டாதீர்கள். பேஸில் நின்ற இருவரையும் அங்கே அனுமதித்தவர் நியூகோம். ரன் அவர் கணக்கு. பிராங்காவுக்கு ஒன்று, தாம்சனுடையது மட்டும். நியூகோமின் பந்துவீச்சு 8⅓ இன்னிங்ஸ், பிராங்காவுடையது பூஜ்யம்.

அடுத்து 1960 அக்டோபர் 13, ஃபோர்ப்ஸ் ஃபீல்ட், உலகத் தொடரின் ஏழாம் ஆட்டம். மாசெராஸ்கியின் ஹோம் ரன்னில் பைரேட்ஸ் 10-9. எட்டாம் இன்னிங்ஸில் வெர்டன் அடித்த தரைப்பந்து தாறுமாறாக எகிறி ஷார்ட்ஸ்டாப் டோனி கூபெக்கின் தொண்டையைத் தாக்கியது. அதற்குப் பிழை எழுதாதீர்கள். பந்தின் கோணல் குதிப்பு ஃபீல்டரின் தவறாகாது, அது சிங்கிள். இரண்டு தாள்களையும் முடித்ததும் 'கே' எங்கே என்று தேடிப் பாருங்கள். இருபுறமும் ஒன்றுகூட இருக்கக்கூடாது. இருந்தால் எங்கோ ஒரு கட்டத்தைத் தவறாக நிரப்பியிருக்கிறீர்கள்.