புப்ரெனார்ஃபின்: முதல் மாத்திரையை எப்போது, எப்படி வைப்பது?

ஹெராயின், மார்ஃபின் போன்ற ஓபியாய்டுப் பழக்கத்திலிருந்து மீளத் தரப்படும் மருந்து புப்ரெனார்ஃபின்; இந்தச் சிகிச்சையில் காரியத்தைக் கெடுப்பது பெரும்பாலும் அவசரம்தான். இது மூளையின் ஓபியாய்டு ஏற்பிகளை (ஓபியாய்டுகள் ஒட்டிக்கொண்டு வேலை செய்யும் இடங்களை) இறுகப் பற்றும், ஆனால் முழுதாகத் தூண்டாது. ஹெராயினோ மார்ஃபினோ உடலில் மிச்சமிருந்தால் அதை அந்த ஏற்பிகளிலிருந்து தள்ளிவிடும். உடனே வாந்தி, வயிற்றுப்போக்கு, நடுக்கம் என்று விலகல் அறிகுறிகள் (போதைப்பொருள் திடீரென இல்லாமல் போகும்போது வரும் உபாதைகள்) ஒன்றாகத் தாக்கும். "மருந்து ஒத்துக்கொள்ளவில்லை" என்று பலர் விட்டுவிடுவது இங்கேதான்.

எனவே ஹெராயின் போன்றவற்றைக் கடைசியாக எடுத்ததிலிருந்து குறைந்தது 12 மணி நேரம் பொறுக்க வேண்டும். நீண்ட நேரம் வேலை செய்யும் ஓபியாய்டான மெத்தடோன் என்றால் இன்னும் கூடுதல். அதை மருத்துவரே முடிவு செய்யட்டும். கடிகாரத்தை மட்டும் நம்பாதீர்கள். கொட்டாவி, மூக்கொழுகல், மயிர்க்கூச்செறிதல், விரிந்த கண்மணி என விலகல் தானாகத் தொடங்கிவிட்டதற்கான அறிகுறிகள் தெளிவாகத் தெரிய வேண்டும்.

தொடக்க அளவு வழக்கமாக 2 முதல் 4 மி.கி. வாயை நீரால் நனைத்துக்கொண்டு, மாத்திரையை நாக்கின் அடியில் வையுங்கள். கரைய 5–10 நிமிடம் ஆகும். அதுவரை பேச்சு, புகை, விழுங்கல் கூடாது. விழுங்கினால் பெரும்பகுதியைக் கல்லீரல் சிதைத்துவிடும். கரைந்ததும் வாய் கொப்பளியுங்கள்; பல் துலக்க ஒரு மணி நேரம் கழியட்டும், பல் சொத்தையைத் தவிர்க்க.

இந்த மருந்தோடு மதுவோ தூக்க மாத்திரையோ சேர்ந்தால் மூச்சு அடங்கலாம். சிகிச்சையைப் பாதியில் நிறுத்தியவருக்குத் தாங்குதிறன் குறைந்திருக்கும், முன்பு எடுத்த போதைப்பொருளின் பழைய அளவே உயிரைப் பறிக்கலாம். ஓபியாய்டு அளவு மீறினால் அதை முறிக்கும் மருந்தான நலாக்சோன் வீட்டில் இருக்கட்டும்.