வெள்ளம் வடிந்த வீட்டைக் கழுவும்போது எலிக்காய்ச்சல் தொற்றாமல் இருக்க

கோலாலம்பூரில் ஒரு மணி நேரம் விடாமல் கொட்டினால் போதும், லோங்காங் (சாக்கடை வாய்க்கால்) நிரம்பி கீழ்த்தள வீடுகளுக்குள் தண்ணீர் ஏறிவிடும். அது எலி வளைகளையும் அலசிக்கொண்டுதான் வருகிறது. எலியின் சிறுநீரில் உள்ள, எலிக்காய்ச்சலைத் தரும் லெப்டோஸ்பைரா கிருமி காயம், கண், மூக்கு, வாய் வழியாக உடம்பில் நுழையும். வெகுநேரம் நீரில் ஊறிப்போன தோலும் அதற்கு வழிவிடும். தண்ணீர் வடிந்ததும் எல்லோரும் செருப்பைக்கூடக் கழற்றிவிட்டுச் சேற்றைத் தள்ள இறங்குகிறார்கள். ஈரச் சேற்றில் இந்தக் கிருமி வாரக்கணக்கில் உயிரோடு இருக்கும்.

முழங்கால் உயர ரப்பர் பூட்ஸ், தடித்த ரப்பர் கையுறை இரண்டும் கட்டாயம். சிறு கீறலையும் தண்ணீர் புகாத பிளாஸ்டர் போட்டு மூடுங்கள். இனிப்புநீர் உள்ளவர், காலில் ஆறாத புண் உள்ளவர் இந்த வேலைக்கே வர வேண்டாம்.

முதலில் சேற்றை வாரி வெளியேற்றி, சோப்புத் தண்ணீரால் தேய்த்துக் கழுவுங்கள். பிரஷர் பம்ப் வேண்டாம். அழுக்கு நீர் கண்ணில் தெறிக்கும். அதன் பிறகுதான் குளோரொக்ஸ் (கிருமி கொல்லும் பிளீச் திரவம்). சேற்றின் மேலேயே ஊற்றினால் அழுக்கோடு வினைபுரிந்து அதன் வீரியம் போய்விடும். பலரும் தவறுவது இங்கேதான். 1 லிட்டர் குளோரொக்ஸுக்கு 9 லிட்டர் தண்ணீர். தரையிலும் சுவரின் அடிப்பகுதியிலும் 10 நிமிடம் ஈரமாக இருக்க விட்டு அலசுங்கள். கலந்ததை அன்றே தீர்த்துவிட வேண்டும். டாய்லெட் கழுவும் ஆசிட்டோடு சேர்த்தீர்களானால் நச்சுவாயு கிளம்பும். கதவு, ஜன்னல் எல்லாம் திறந்திருக்கட்டும்.

அலமாரிக்குப் பின்னால் எலிப்புழுக்கை கிடந்தால் விளக்குமாற்றால் கூட்டாதீர்கள், தூசி கிளம்பும். அதே கரைசலைத் தெளித்து நனைத்து, 10 நிமிடம் கழித்துக் காகிதத்தால் துடைத்தெடுத்து, இரட்டைப் பையில் கட்டிப் போடுங்கள். நனைந்த மெத்தையைத் தூக்கி எறிவதே மேல். தப்பிய துணிகளைச் சோப்புப் போட்டுத் துவைத்து நல்ல வெயிலில் காயப்போடுங்கள். காய்ந்த இடத்தில் கிருமி நிற்காது. வீட்டு நாய்க்கும் இது தொற்றும், அதன் சிறுநீர் வழியாக நமக்கும் வரும். ஆண்டுதோறும் போடும் தடுப்பூசியில் லெப்டோவும் இருக்கிறதா என்று கால்நடை மருத்துவரிடம் கேளுங்கள்.

காய்ச்சல் 2 முதல் 30 நாளுக்குள் வரலாம். பெரும்பாலும் 5 முதல் 14 நாளில். திடீர்ச் சூடு, தலைவலி, கெண்டைக்கால் சதையில் தாங்க முடியாத வலி, பீளை இல்லாமல் சிவந்த கண். பிளேட்லெட்டும் குறையலாம் என்பதால் டெங்கி என்றே நினைக்கத் தோன்றும். ஆகவே கிளினிக்கில் முதல் பேச்சாக, எந்தத் தேதியில் வெள்ளத் தண்ணீரில் இறங்கினீர்கள் என்பதைச் சொல்லுங்கள். காய்ச்சல் தொடங்கிய முதல் வாரத்தில், கிருமியை எதிர்க்க உடம்பு உண்டாக்கும் எதிர்ப்பொருள் ரத்தத்தில் போதிய அளவு இருக்காது. பரிசோதனையில் ‘இல்லை’ என்று வந்தாலும் டாக்டர் சந்தேகத்தின் பேரில் டாக்சிசைக்ளின் என்ற ஆன்டிபயாட்டிக் மருந்தைத் தொடங்கலாம். மறுபரிசோதனைக்குத் தவறாமல் போங்கள். டெங்கி இல்லை என்று உறுதியாகும் வரை வலிக்குப் பாரசிட்டமால் மட்டும்; ஐபுப்ரோபன் கூடாது. கண் மஞ்சளித்தால், சிறுநீர் குறைந்தால், மூச்சு வாங்கினால், இருமலில் ரத்தம் வந்தால் விடியட்டும் என்று காத்திராமல் நேரே ஆஸ்பத்திரி அவசரப் பிரிவுக்குப் போங்கள்.