வீடு கிடைத்த பிறகுதான் குழந்தை அழும்

வீடிழந்த குடும்பங்களின் சின்னப் பிள்ளைகளோடு வேலை செய்யப் புதிதாக வருகிறவர்களைப் பார்க்கிறேன். நான் ஆரம்பத்தில் செய்த தவறுகளையே அவர்களும் செய்கிறார்கள். பிள்ளை முன்னால் கத்தக் கூடாது என்பதெல்லாம் எல்லோருக்கும் தெரியும். நல்லது என்று நினைத்துச் செய்கிறவற்றை மட்டும் சொல்கிறேன்.

வீட்டுச் சாவி கொடுத்ததும் ஃபைலை மூடுவது

இதை நினைத்தால் இன்றும் எரிச்சல் வருகிறது. காப்பகத்தில் மூன்று வயதுப் பையன் ஒருவன் அத்தனை சமர்த்து. அழ மாட்டான், அடம்பிடிக்க மாட்டான். ‘பிள்ளை நன்றாக இருக்கிறான்’ என்று எழுதி வைத்தேன். குடும்பத்துக்கு வீடு கிடைத்தது, நானும் போவதை நிறுத்திவிட்டேன்.

ஆறு வாரம் கழித்து அவன் அம்மா கூப்பிட்டார். பையன் மறுபடி படுக்கையை நனைக்கிறான், அவர் குளியலறைக்குப் போனால்கூடக் கதவைத் தட்டி அலறுகிறான். போய்ப் பார்த்தேன். தலையணை உறைக்குள் காய்ந்த ரொட்டித் துண்டுகள். தூங்கும்போதும் ஷூவைக் கழற்ற விடவில்லை. எப்போது வேண்டுமானாலும் கிளம்பச் சொல்வார்கள் என்று காத்துக்கொண்டிருந்திருக்கிறான். அந்த அம்மாவோ தன் வளர்ப்புதான் சரியில்லை என்று நம்பத் தொடங்கியிருந்தார்.

காப்பகத்தில் மெல்லிய சுவருக்கு அந்தப் பக்கம் வேற்று ஆட்கள். வாயைத் திறந்தாலே அம்மா பதறி அடக்குவார். நிம்மதியாக அழ ஓர் இடம் கிடைத்ததும் அடக்கி வைத்ததெல்லாம் வெளியே வருகிறது. இப்படி ஆகலாம் என்று சாவி கொடுக்கும் முன்பே பெற்றோரிடம் சொல்லுங்கள். முதல் சில மாதங்களாவது ஒரே ஆள் தொடர்ந்து போய் வர வேண்டும். ரொட்டியைப் பிடுங்காதீர்கள். அவன் கைக்கு எட்டும் இடத்தில் டப்பாவில் எப்போதும் கொஞ்சம் தின்பண்டம் வைத்தோம். ஷூவுக்குக் கட்டிலோரம் ஓர் இடம் ஒதுக்கினோம், கழற்று என்று யாரும் சொல்லவில்லை. ஒருநாள் அவனே கழற்றி அங்கே வைத்தான்.

குழந்தை விடாமல் வைத்திருக்கும் பழைய போர்வையைத் தூக்கிப்போடுவது

வேண்டாம். துவைப்பதைக்கூடத் தாயிடம் கேட்டுச் செய்யுங்கள். துவைத்தால் அந்தப் பொருளின் மீது குழந்தைக்கு இருந்த ஒட்டுதலே போய்விடலாம் என்று குழந்தை மருத்துவர் டொனால்டு வின்னிகாட் 1953-லேயே எழுதியிருக்கிறார்.

தவழவில்லை என்றதும் வளர்ச்சிக் குறைபாடு என்று முத்திரை குத்துவது

மாதக்கணக்கில் கட்டிலிலும் இடுப்பிலுமே இருந்த குழந்தைக்குத் தவழத் தரை ஏது? சுத்தமான தரையில் விரிப்பு போட்டு விடுங்கள். மருத்துவரிடம் காட்டும்போது இதையும் சொல்லுங்கள்.

பிள்ளை முன் தாயைத் திருத்துவது

அப்புறம் தனியாகச் சொல்லுங்கள்.